எம் புக்கில் இல்லாத சரிவு

ஒப்பந்ததாரர் ஒருவரிடம் அளவெடுக்கிற வேலையில் இருந்தபோதுதான் வடசென்னைத் தெருக்களை நான் சரியாகப் பார்த்தேன். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று தினமும் டேப்பும் நோட்டுமாக நடை.

நம் ஊர் நடைபாதையைப் பற்றிச் சட்டென்று புரியாத விஷயம் ஒன்று உண்டு. பல தெருக்களில் அது தனிப் பாதையே இல்லை, மழைநீர் வடிகாலின் மூடி. பழைய வடிகால்களில் தூர் வார வேண்டுமென்றால் ஸ்லாப்பை நெம்பித்தான் எடுக்க வேண்டும். அள்ளிய சகதியை ஓரத்திலேயே காயப்போடுவார்கள். வாரிப் போவதற்குள் மழை வந்துவிட்டால் பாதி திரும்ப உள்ளே போய்விடும். ஸ்லாப்பைத் திரும்ப வைக்கும்போது ஒரு முனை தூக்கி நிற்கும், மேலே ஒட்டிய டைல்ஸ் பெயரும். வயதானவர்களுக்குக் கால் இடறுவது அங்கேதான்.

2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருந்தது. படித்தபோது அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் புதிதாகப் போடுகிற பணம் வேறு, பராமரிக்கிற பணம் வேறு. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் கிடைத்தது. பெயர்ந்த டைல்ஸை ஒட்ட அப்படிக் கடன் கிடைக்காது. அது சொத்து வரி, தொழில் வரி வருகிற பையிலிருந்து போக வேண்டும். சம்பளம், குப்பை அள்ளுவது, தெருவிளக்கு கரண்ட் எல்லாவற்றுக்கும் அதே பைதான். பத்து வருடப் பராமரிப்பையும் முதல் எஸ்டிமேட்டிலேயே எழுதிவிட வேண்டும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒரு மார்ச் மாதம். 31-ஆம் தேதிக்குள் பில் போட வேண்டும் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தெருமுனையில் நாங்கள் போட்ட நடைபாதையைக் குனிந்து அளந்துகொண்டிருந்தேன். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கிற அம்மா ஒருவர் கூடையோடு வந்து நின்றார்.

"கண்ணு, இவ்ளோ ஒசரமா போட்டா நான் எப்டி ஏறுவேன்?"

டேப்பை வைத்துப் பார்த்தேன். 23 சென்டிமீட்டர். சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்வது அதிகபட்சம் 15. அகலம் 1.8 மீட்டர் இருக்கிறதா, சிமென்ட் கலவை சரியா என்றெல்லாம் பார்த்தவன், உயரத்தைப் பார்க்கவில்லை. அவர் பேசாமல் கீழே ரோட்டிலேயே நடந்து போனார், கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஜினியரிடம் சொன்னேன். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் எஸ்டிமேட்டை மாற்றி மறுபடி அனுமதி வாங்குவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும், பணமும் திரும்பப் போய்விடும்.

சாயங்காலம் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவ்ளோதானே, விடுங்க சார்" என்றார். ஓரத்தை உளியால் கொத்தி இறக்கினார். சட்டியில் மிச்சமிருந்த கான்கிரீட்டைப் போட்டு, மட்டப்பலகையால் தேய்த்து, மூன்றடி அளவில் ஒரு சரிவு வைத்தார். வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் மேலே கோடும் இழுத்தார். அரை மணி நேர வேலை. எம் புக் என்பது பில்லுக்காக வேலையின் அளவுகளைப் பதிகிற மெஷர்மென்ட் புக். இந்த அளவை அதில் எழுத எந்தத் தலைப்பும் இல்லாததால் நான் எழுதவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் மெதுவாகக் கால் வைத்து மேலே ஏறினார்.