கொலராடோவின் செலவு வரம்பும் ஒப்பந்ததாரர்களின் எதிர்ப்பும்

குறைந்த வரியை விரும்புபவர்கள் என்று பெயரெடுத்த கட்டுமானத் தொழிலதிபர்களே அரசின் கையைக் கட்டிப்போடும் அரசமைப்பு விதியை எதிர்த்து நிற்பது, அமெரிக்காவின் கொலராடோ மாநில அரசியலில் எனக்கு மிகவும் சுவையாகப் படுகிறது. அங்கே 1992-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 'டேபர்' திருத்தத்தின்படி, மாநில வருவாய் பணவீக்கமும் மக்கள்தொகை வளர்ச்சியும் சேர்ந்த விகிதத்தைத் தாண்டினால் மிகுதியை மக்களிடமே திருப்பித் தர வேண்டும். வாக்கெடுப்பு நடத்தாமல் வரியை உயர்த்தவும் முடியாது.

சாலை ஒப்பந்ததாரர்களுக்கு அரசே பெரிய வாடிக்கையாளர் என்பதால் இந்த எதிர்ப்பில் தன்னலம் உண்டு. அதை அவர்களும் பெரிதாக மறைப்பதில்லை. ஆனாலும் அவர்கள் சொல்லும் கணக்கு தவறல்ல. பள்ளிகளுக்கான நிதியை 2000-இல் வந்த இன்னொரு திருத்தம் காக்கிறது, ஏழைகளின் மருத்துவச் செலவை மத்திய அரசின் விதிகள் காக்கின்றன, சிறைகளை மூடிவிட முடியாது. ஆகவே வரவு குறையும் ஆண்டுகளில் கத்தரி சாலைகள் மீதே விழுகிறது. பெட்ரோல் வரியோ கேலனுக்கு 22 சென்ட் என்று 1991-லிருந்து அசையாமல் நிற்கிறது. தாரும் சிமென்டும் விலை ஏறினாலும் அந்த வரி ஏறாது. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வண்டிகள் பெருகினால் அதன் வசூல் குறையவே செய்யும்.

பொருளாதார மந்தத்தில் வருவாய் சரிந்தால், சரிந்த தொகையே மறுஆண்டு வரம்புக்கு அடிப்படையாகிவிடும் என்பதே 2005 வரை இந்தத் திருத்தத்தின் மிக மோசமான கூறாக இருந்தது என்பேன். 2001-க்குப் பின் இந்த நெருக்கடி முற்றவே, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் பில் ஓவன்ஸே வரம்பைத் தளர்த்தும்படி கேட்டார். 2005-இல் வாக்காளர்கள் அதற்கு இசைந்தார்கள். ஆனால் அதே நாளில், பெரும்பகுதி சாலைகளுக்காகச் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கும் யோசனையை நிராகரித்தார்கள். 2018-இல் ஒப்பந்ததாரர் சங்கம் முன்னின்று ஆதரித்த 0.62 விழுக்காடு விற்பனை வரியும் பெரிய வித்தியாசத்தில் தோற்றது.

அதன்பின் 2021-இல் சட்டமன்றம் வேறு வழி கண்டது. பெட்ரோலுக்கும் வீட்டுக்கு வரும் பொட்டலங்களுக்கும் 'கட்டணம்' விதித்தது. கட்டணம் வரியல்ல என்பதால் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. சாலைப் பணம் எப்படியாவது வந்தால் சரி என்று ஒப்பந்ததாரர்கள் இதை வரவேற்றது புரிகிறது. எனினும், இப்படிக் கட்டணம் வசூலிக்கும் பெரிய அரசு அமைப்புகளைத் தொடங்கவும் வாக்கெடுப்பு வேண்டும் என்று மக்கள் அதற்கு முந்தைய ஆண்டுதான் முடிவு செய்திருந்த நிலையில், அந்த விதியில் சிக்காதபடி ஒரே சட்டத்தில் பல சிறு அமைப்புகளை உருவாக்கியதை நேர்மையான வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை.