நான்கு கால்களிலும் தினமும் கைபட வேண்டும்

குதிரையை அவிழ்ப்பதற்கு முன்பே சோதனை தொடங்கிவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்று, அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பின்னங்கால் ஒன்றை மடக்கி நுனிக்குளம்பை மட்டும் ஊன்றி நின்றால் பயப்பட வேண்டாம், இளைப்பாறுகிறது. சற்று நேரத்தில் கால் மாற்றிக்கொள்ளும். முன்னங்காலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு முன்னங்காலை நீட்டி, பாரம் போடாமல் வைத்திருந்தால் அதில் வலி இருக்கிறது. இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி நின்றால் லேமினைடிஸ் எனும் குளம்பழற்சியை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து கை. நேராகக் காலைத் தொட்டால் குதிரை திடுக்கிடும்; தோளில் தொடங்கித் தடவிக்கொண்டே இறங்குங்கள். தரையில் உட்காராமல் குனிந்தே பாருங்கள், சட்டென்று விலக வழி வேண்டும். சூடு பார்க்க உள்ளங்கையைவிடப் புறங்கை நல்லது. வேலை முடிந்த கையோடும், வெயிலில் நின்ற பின்னும், காலில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்த உடனேயும் பார்த்தால் சூடு ஏமாற்றும். காலையில், வேலைக்கு முன் பார்ப்பதே சரி. இந்தக் காலில் தென்பட்டது எதுவானாலும் உடனே எதிர்க்காலில் அதே இடத்தைத் தொடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது அந்தக் குதிரையின் வாகு. ஒன்றில் மட்டும் இருந்தால்தான் பெரும்பாலும் சிக்கல்.

அதிக நேரம் செலவிட வேண்டியது முன்னங்கால் முட்டிக்கும் கணுவுக்கும் இடையே, பின்பக்கத் தசைநாண்களில். கால் ஊன்றியிருக்கும்போது அவை கயிறு போல விறைப்பாக இருக்கும். காலைத் தூக்கி மடக்கினால் தளர்ந்துவிடும். அப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மேலிருந்து கீழாக விரல் விரலாக அழுத்தி வாருங்கள். ஓரங்கள் கூர்மையாகத் தட்டுப்பட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் மொத்தையாக, இளஞ்சூடாக இருந்து, அங்கே அழுத்தும்போதெல்லாம் காலை இழுத்தால் வேலையை அன்றே நிறுத்திவிடுங்கள். தசைநாண் காயத்தின் தொடக்கத்தில் குதிரை நொண்டாமலே இருக்கலாம். ‘நன்றாகத்தானே நடக்கிறது’ என்று ஓட்டப்போய்த்தான் சிறு கிழிசல் பெரிதாகிறது. ஆறுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

கணுவின் இருபுறமும் குளிர்ச்சியான, மெத்தென்ற சிறு புடைப்புகள் இருந்து வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் தொந்தரவில்லை. இரவெல்லாம் கட்டிப்போட்டதில் பின்னங்கால்கள் இரண்டும் உப்பினால் நடக்கவிட்டதும் வடிந்துவிடும். ஒரே கால் மட்டும் சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் தொற்று. வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு.

இனி நாடி. கணுவின் பின்புறம், இருபக்க ஓரங்களிலும் நரம்போடு சேர்ந்து ஓடும் ரத்தக்குழாயை விரல்நுனியால் மெல்ல அழுத்துங்கள். அதிகம் அழுத்தினால் துடிப்பே நின்றுவிடும். நலமான காலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரலைத் தூக்கித் தூக்கிப் போடுவதுபோல் அடித்தால் குளம்புக்குள் அழற்சி. ஒரு காலில் மட்டும் என்றால் சீழ்க்கட்டியோ காயமோ இருக்கலாம். இரு முன்னங்கால்களிலும் என்றால் மறுபடியும் குளம்பழற்சிதான் நினைவுக்கு வர வேண்டும். வலி இல்லாத நாளிலேயே இந்தத் துடிப்பைப் பழகிவைக்காதவருக்கு வலி வந்த நாளில் வித்தியாசம் தெரியாது.

குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்யும்போது குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுங்கள். நடுவில் ரப்பர் போல இருக்கும் முக்கோணப் பகுதியை ஃப்ராக் என்பார்கள். அதன் பக்கப் பள்ளங்களையும் நடுப்பிளவையும் விடாமல் பாருங்கள். கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் த்ரஷ் எனும் குளம்பழுகல். ஈரத்திலும் சாணத்திலும் நிற்பது அதற்கு முக்கியக் காரணம். தரையை மாற்றாமல் மருந்து மட்டும் ஊற்றினால் திரும்ப வரும். குளம்பின் வெளிச்சுவரில் உள்ள வளையங்கள் நுனியில் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்தால் அது பழைய குளம்பழற்சியின் தடம். லாட ஆணியின் மடித்த முனை சுவரை விட்டு எழும்பியிருந்தால் லாடம் தளர்கிறது. சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும்.

உள்ளங்காலில் ஆணி குத்தியிருந்தால் பிடுங்கத்தான் கை போகும். பிடுங்காதீர்கள். அப்படியே எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பையோ மூட்டுப்பையையோ தொட்டதா என்று தெரியும். பிடுங்கிவிட்டால் துளை மூடிக்கொண்டு வழி மறைந்துபோகும். ஊன்றும்போது இன்னும் ஆழமாக இறங்கிவிடும் என்றால் மட்டும் எடுத்து, இடத்தையும் சாய்வையும் ஆழத்தையும் குறித்துவைத்து, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதாக வரும். தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராகத் துள்ளுநடையில் கூட்டிப்போகச் சொல்லிப் பாருங்கள். முன்னங்காலில் வலியென்றால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்த அசைவே தெரியாது. நொண்டல் தெரிந்தால் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்காதீர்கள். அவர் வரும்போது வலி மறைந்திருந்தால் எந்தக் கால் என்று தேடுவதே பெரும்பாடாகிவிடும்.