அரைக் கப்பு அரிசி

05.01.2025, ஞாயிறு
மக பிரசவத்துக்காக சம்சாரத்த ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு ஏத்திவிட்டுட்டு சாங்கி ஏர்போர்ட்டிலேர்ந்து வீட்டுக்கு வந்து சேர மணி பத்து. அரிசி களையுறப்பதான் பாக்குறேன், கை தானா ரெண்டு கப்பு போட்டிருக்கு. நனைஞ்சிருச்சு, திருப்பி டின்ல கொட்டவும் முடியாது.

07.01, செவ்வாய்
ஃபிரிட்ஜில வச்ச அதே சோறு, ரசம், உருளைக்கிழங்கு பொரியல். ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்தி சர்க்கரை பாத்தேன். 12.4 மில்லிமோல், ரொம்ப அதிகம். அவகிட்ட சொல்லல.

10.01, வெள்ளி
காலையிலேர்ந்து விடாம மழை. கீழ இறங்கல, இறங்கியிருந்தா பரோட்டாதான் வாங்கியிருப்பேன், அதனால மழைக்கு நன்றி. எங்க ரைஸ் குக்கர் வீடு நெறைய ஆள் இருந்தப்ப வாங்குனது, அரைக் கப்பு போட்டா அடியில காஞ்சு ஒட்டிக்குது, கொஞ்சமாச்சும் நல்லா வேகணும்னு கூடப் போடுறோம், போட்டத வீணாக்கக் கூடாதுன்னு கூடத் தின்னுடுறோம். இன்னிக்கு பிரஷர் குக்கர எடுத்தேன். அடியில தண்ணி, கீழ் கிண்ணத்துல ஒரு கைப்பிடி துவரம்பருப்பு மஞ்சத்தூள், மேல் கிண்ணத்துல காலையிலயே ஊறப்போட்ட கைக்குத்தல் அரிசி அரைக் கப்பு. ஒரே அடுப்பு, ஒரே நேரம், ரெண்டும் பூவா வெந்திருந்துச்சு. அவ இருந்தா இதச் செய்யவே தோணியிருக்காது. அந்த பிளாஸ்டிக் கப்பு 180 மில்லி, அதுல பாதி ஒரு ஆளுக்குத் தாராளமாப் போதும், இத்தனை வருசமா எனக்குத் தெரியல.

12.01, ஞாயிறு
தேக்கா மார்க்கெட். கீரை ஒரு கட்டுக்குக் கொறைய யாரு தர்றா? ஒரு ஆளுக்கு ஒரு கட்டு மூணு நாளைக்கு வருது, மூணாவது நாள் கொழகொழன்னு ஆயிடுது. இப்ப ஒரு கணக்கு வச்சிருக்கேன்: மொத ரெண்டு நாள் கீரை, அப்புறம் பயத்தங்காய், கத்திரிக்கா, வாரக் கடைசிக்கு முட்டைக்கோசும் கேரட்டும். கெடுறத முன்னாடி தின்னுடணும். கீரையக் கழுவாம பேப்பர்ல சுத்தி வச்சா இன்னும் ஒரு நாள் தாங்குது. மீன் ஒரு பொட்டலத்துக்கு ரெண்டு துண்டுன்னு அஞ்சு பொட்டலம் கட்டி பிரீசர்ல வச்சாச்சு.

13.01, திங்கள்
தட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன். "ஏங்க, காய் எங்க?" அவ்வளவுதான் பதில்.

14.01, செவ்வாய்
பொங்கல். ஒரு சின்னச் சட்டியில மட்டும் பொங்குச்சு. ஒரு கரண்டி. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணிதான், அவளும் அதே நேரத்துல பொங்க வச்சா, வீடியோல ரெண்டு சட்டியும் தெரிஞ்சுது. மக சோஃபால சாஞ்சிருந்தா. கால் ரொம்ப வீங்கியிருக்கு.

17.01, வெள்ளி
பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ மீனோ முட்டையோ. பாலிகிளினிக்ல குடுத்த பேப்பரை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினது அவதான், எத்தனை மாசமா அத நான் படிக்கவே இல்ல. மொதல்ல காயத் தின்னுட்டு அப்புறம் சோத்துல கை வச்சேன். 8.9. ரெண்டு தடவ குத்திப் பாத்தேன், ரெண்டாவது 9.1. சந்தோசத்துல தூக்கமே வரல.

21.01, செவ்வாய்
இன்னிலேர்ந்து சைவம், இருவத்தோரு நாள். தைப்பூசத்துக்கு எப்பவும் அவதான் பால்குடம் எடுப்பா, இந்த வருசம் நான். மக நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும், வேற ஒண்ணும் வேணாம். மீன் பிரீசர்ல கெடக்கட்டும்.

24.01, வெள்ளி
சைவம்னாலே சோறு ஏறிடுது, அதான் கவலை. தொட்டுக்க ஒண்ணும் இல்லன்னா கை சாம்பாரை ஊத்திச் சோத்தத்தான் தேடுது. தௌ குவாவ, அதான் கெட்டி டோஃபு, துண்டு போட்டு மொளகும் கறிவேப்பிலையும் போட்டு தோசக்கல்லுல ரெண்டு பக்கமும் செவக்கப் பொரட்டுனேன், ஓரம் மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி. அரைக் கப்பு சோறு மிஞ்சிப் போச்சு. ஊறுகாயத் தொடல. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான், ஒரு டீஸ்பூன், நான் சோத்துக்கு மட்டும் அவ்வளவு போட்டுக்கிட்டிருந்த ஆளு.

29.01, புதன்
சீனப் புத்தாண்டு. மார்க்கெட் மூடியாச்சு. முட்டைக்கோசு. எதிர் வீட்டு ஆன்ட்டி ரெண்டு ஆரஞ்சும் ஒரு டப்பா அன்னாசி டார்ட்டும் கொண்டாந்து குடுத்தாங்க, "உங்க வைஃப் எப்ப வர்றாங்க?"ன்னாங்க. தெரியலன்னேன். ஒரு ஆரஞ்ச உரிச்சுத் தின்னேன், டப்பாவ கீழ காவல்காரத் தம்பிகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்.

01.02, சனி
ஒண்ணும் சமைக்கல. பிஸ்கட். யாருக்காகச் சமைக்கணும்.

02.02, ஞாயிறு
நேத்து எழுதுனதப் படிச்சேன். அவகிட்டயும் சொல்லிட்டேன், 12.4ஐயும் சேத்து. திட்டல. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, அப்புறம் "காலையில என்ன பண்ணப் போறீங்க"ன்னா. ஓட்ஸ் உப்புமான்னேன். பீன்ஸ் நெறையப் போடுங்கன்னா.

06.02, வியாழன்
காப்பிக் கடையில இப்ப பாலும் சீனியும் இல்லாம "கோப்பி ஓ கோசோங்"னு கேக்க வாய் பழகிருச்சு. 25ஆம் தேதி ரத்தம் எடுக்கணும், மூணு மாசச் சர்க்கரைக் கணக்கு (HbA1c) அதுல தெரிஞ்சிரும், போன தடவ 7.9 சதவீதம். மகளுக்கும் அந்த வாரந்தான் சொல்லியிருக்காங்க.

10.02, திங்கள்
அவ குரல் சரியில்ல. கேட்டா ஒண்ணும் இல்லன்றா.

11.02, செவ்வாய்
விடியறதுக்கு முன்னாடியே பெருமாள் கோயில்ல வரிசையில நின்னாச்சு. டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கால் வலி தெரியல, பால் ஒரு சொட்டு சிந்தல. அன்னதானத்துல இலையில சோறு வைக்க வந்த தம்பிகிட்ட கொஞ்சமாப் போடுப்பான்னேன், கூட்டு ரெண்டு தடவ வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன், எடுக்கல. மறுபடியும் கூப்பிட்டேன். மகளும் எடுக்கல, மருமகனும் எடுக்கல. ராத்திரிக்குப் பருப்பு ஊறுது. அரிசி எத்தனை கப்பு போட்டேன்னு ஞாபகம் இல்ல, போய்ப் பாக்கணும், ஃபோன் அ