நகராட்சி நாற்காலியிலிருந்து கோட்டைக்கு

சட்டமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம், எங்கள் தொகுதியில் போட்டியிடுவோர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துப் பொறுமையாகப் படிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் அளித்த தீர்ப்புகள் வாக்காளருக்குப் பெற்றுத்தந்த உரிமை இது. வேட்பாளரின் சொத்து, கடன், கல்வித் தகுதி, அவர்மீது நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள் ஆகிய அனைத்தும் படிவம் 26இல் இருக்கின்றன. ஆனால் நான் முதலில் அறிய விரும்புவது அதில் இருப்பதில்லை. இந்த மனிதர் இதற்கு முன் எந்தப் பொதுப் பொறுப்பில் இருந்தார், அங்கே என்ன கற்றார் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் 'விவசாயம்' அல்லது 'வணிகம்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டை ஆண்டவர்களின் முன்வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகு, அவர்கள் கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பு செய்த வேலையே பின்னாளில் அவர்கள் நடத்திய ஆட்சியின் போக்கைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டிருக்கிறது. படிப்பைவிடவும் குடும்பப் பின்னணியைவிடவும் இது முக்கியமானது என்றே கருதுகிறேன்.

ராஜாஜியை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வழக்கறிஞராக இருந்த அவர் 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராகப் பணியாற்றினார். 1925இல் அன்றைய சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, கதர் வேலையோடு மதுவிலக்குப் பிரச்சாரத்தையும் நடத்தினார். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது (மாகாண முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), மதுவிலக்கை மாகாணம் முழுவதும் ஒரே நாளில் கொண்டுவராமல், அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைப்படுத்தினார். தெருத்தெருவாகத் தமக்குத் தெரிந்த ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்த மாவட்டத்துக்குச் செல்லலாம் என்ற அந்த நிதானத்தில், நகராட்சியை நடத்திய ஒருவரின் பழக்கத்தை நான் காண்கிறேன். கள், சாராய வருவாய் குறைவதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

காமராஜரைப் பற்றி எழுதும்போது எல்லோரும் அவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதையும் தாய்மாமனின் துணிக்கடையில் உட்கார்ந்ததையும் சொல்லி, அதிலிருந்து நேராக மதிய உணவுத் திட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் இடையில் நீண்ட காலம் ஒன்று இருக்கிறது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கிப் பல முறையாகச் சிறையில் கழிந்த ஏறத்தாழ 9 ஆண்டுகள், 1940 முதல் 1954 வரை தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக ஊர் ஊராகச் சென்ற 14 ஆண்டுகள் ஆகியவையே அவருடைய கல்வி என்பேன். எந்த ஊரில் பள்ளி இல்லை, எந்த ஆற்றின் குறுக்கே அணை கேட்கிறார்கள் என்பதை அதிகாரிகளின் கோப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் முதலமைச்சராகவில்லை. 1941இல் அவர் சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கருதி அதிலிருந்து விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூரின் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டமன்ற மேலவைக்குள் எளிதாக நுழைந்திருக்கலாம். அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களைச் சந்தித்தே சட்டமன்றத்துக்கு வந்தார்.

அவருடைய முதல் அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். அந்த எட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒவ்வொருவரின் முன்வாழ்க்கையையும் குறித்துப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. கட்சித் தலைமைக்கான போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியமும், சுப்பிரமணியத்தை ஆதரித்த பக்தவத்சலமும் அதில் இருந்தார்கள். பொள்ளாச்சி அருகேயுள்ள செங்குட்டைப்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இயற்பியலும் சட்டமும் படித்தவர் சுப்பிரமணியம். வயலும் ஆய்வுக்கூடமும் ஒருங்கே புரிந்த அந்த மனம், பிற்காலத்தில் மத்திய வேளாண் அமைச்சராகப் புதிய கோதுமை விதைகளைக் கொண்டுவர எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வன்னியர்களின் இரு வேறு கட்சிகளைக் கட்டியெழுப்பி 1952 தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து வென்ற மாணிக்கவேலு நாயக்கரும் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியும் இருந்தார்கள். மங்களூரில் 1931இல் விஜயா வங்கி தோன்றக் காரணமாக இருந்த ஏ.பி. ஷெட்டி இருந்தார். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறை தரப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன்பு அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கக்கூடிய கோயில்கள் அவருடைய துறையின்கீழ் வந்தன. இவர்களோடு இராமநாதபுரம் மன்னர் சண்முக ராஜேஸ்வர சேதுபதியும் இருந்தார். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் யாருடைய உடைமையை எடுத்துக்கொண்டதோ அந்த வம்சத்தவர், துணிக்கடையிலிருந்து வந்த ஒருவரின் தலைமையில் அமர்ந்திருந்தார். ஒரே மாநிலத்தின் இத்தனை வேறுபட்ட அனுபவங்கள் இவ்வளவு சிறிய மேசையைச் சுற்றி அமர்ந்த வேறொரு சந்தர்ப்பம் எனக்குத் தெரியவில்லை.

1957இல் அமைச்சரவை மாற்றியமைக்கப்பட்டபோது வந்தவர்களில் மூவரைக் குறிப்பிட வேண்டும். தொழிலாளர் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞரான ஆர். வெங்கட்ராமன், நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தும் அதை விட்டுவிட்டு மாநில அமைச்சராக வந்தார். தொழிற்சங்கங்களுக்காக வாதாடியவர் தொழில் துறையை ஏற்று, கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளை உருவாக்கினார். குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன் மீன்வளத் துறையை ஏற்றார். கடற்கரைத் தொகுதியொன்றின் பெண் உறுப்பினரிடம் அந்தத் துறை சென்றது மிகப் பொருத்தமானது. மூன்றாமவர் கக்கன். அவருடைய எளிமையையும் வறுமையையும் பற்றி மீண்டும் மீண்டும் எழுதுகிறோம். அதைக் குறை கூற நான் விரும்பவில்லை. ஆயினும் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர், அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர், 1952இல் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற தகுதிகளோடுதான் அவர் அமைச்சரானார் என்பதை மறந்துவிடுகிறோம். நேர்மையை மட்டும் பேசி அனுபவத்தை விட்டுவிடுவது அவருக்கு நாம் செய்யும் அநீதி.

1967இல் பதவியேற்ற அண்ணாவின் தி.மு.க. அமைச்சரவையில் ஒன்பது பேர். இவர்களின் முன்வாழ்க்கை முற்றிலும் வேறு வகையானது. இளமையில் காஞ்சிபுரம் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்த அண்ணா, பச்சையப்பன் கல்லூரியில் முதுகலை படித்து, பின்னர் 'திராவிட நாடு' இதழை நடத்தினார். கருணாநிதிக்கு 'முரசொலி', நெடுஞ்செழியனுக்கு 'மன்றம்', மதியழகனுக்கு 'தென்னகம்', சத்தியவாணி முத்துவுக்கு 'அன்னை' என்று ஒன்பது பேரில் ஐவர் இதழாசிரியர்களாக இருந்தார்கள். எழுத்தையும் மேடையையும் கருவியாகக் கொண்டவர்கள் முதலில் கைவைத்ததும் சொற்களின்மீதுதான். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வேண்டும் என்ற தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று நிறைவேறியது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வந்தது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அவர்கள் வெறும் பேச்சாளர்களாகவே ஆட்சிக்கு வந்தார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1959லேயே சென்னை மாநகராட்சியில் அந்தக் கட்சியின் அ.பொ. அரசு மேயராகியிருந்தார். குப்பை, குடிநீர், தெருவிளக்கு என்ற பாடங்களை அந்தக் கட்சி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே படிக்கத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகு திரைத்துறையிலிருந்து வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது; நான் சேர்ப்பதற்கு அதிகமில்லை. சிறுவயதுப் பசியை நேரில் அறிந்த எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்பதை மட்டும் என் கருத்துக்குச் சான்றாகக் குறித்துக்கொள்கிறேன்.

என்னை வருத்துவது வேறொன்று. உள்ளாட்சி என்ற அந்தப் படிக்கட்டை நாம் பலமுறை பூட்டி வைத்திருக்கிறோம். 1986இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகே அது சாத்தியமானது. அந்த 1996 தேர்தல் யாரையெல்லாம் கொண்டுவந்தது என்று பாருங்கள். மு.க. ஸ்டாலின் சென்னையின் மேயராக நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரியகுளம் நகராட்சியின் தலைவரானார் ஓ. பன்னீர்செல்வம். இருவரும் பின்னாளில் முதலமைச்சர்கள். 2006இல் சென்னை மேயரான மா. சுப்பிரமணியன் 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். வங்கித் துறையிலிருந்து வந்து, பதவியேற்ற சில மாதங்களில் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்ட பழனிவேல் தியாகராஜனைப் போன்றோர் வேறு வழியில் வருகிறார்கள். அவருக்கு நீதிக்கட்சிக் காலத்திலிருந்து தொடரும் குடும்பப் பின்னணியும் இருந்தது. குடும்பமும் இல்லாமல், வெளிநாட்டுப் படிப்பும் இல்லாமல், ஒரு சிற்றூரிலிருந்து வரக்கூடியவருக்கு வார்டு உறுப்பினர் பதவியைத் தவிர வேறு நுழைவாயில் எது?

அந்த வாயில் 2016 அக்டோபரில் மீண்டும் மூடியது. பெரும்பாலான ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் வரையிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தபோது முறையிடுவதற்கு எங்களுக்கு வார்டு உறுப்பினர் இல்லை; தனி அலுவலர் ஒருவர் பல மைல் தொலைவில் இருந்தார். குழாயாவது ஒரு நாள் சரிசெய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் முப்பது வயதில் முதன்முதலாகப் போட்டியிட்டு, தோற்றோ வென்றோ பொதுவாழ்வைக் கற்றிருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானோரின் காலம் திரும்பக் கிடைக்கவில்லை.

2022 தேர்தலில் 21 மாநகராட்சிகளின் மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் சரிபாதி இடங்களில் பெண்கள் அமர்ந்தார்கள். 1946இல் ருக்மிணி லட்சுமிபதி இந்த மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரான காலத்திலிருந்து எண்ணினாலும், ஒவ்வொரு அமைச்சரவையிலும் பெண்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்துவருகிறது. வரவு செலவுத் திட்டத்தைக் கையில் எடுத்து, ஒப்பந்ததாரரிடம் கேள்வி கேட்டு, மன்றக் கூட்டத்தை நடத்திப் பழகிய அந்தப் பெண்களின் பெயர்களை என் குறிப்பேட்டில் மாவட்டவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். சட்டமன்ற வேட்பாளர் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும், பிரமாணப் பத்திரங்களைத் திறப்பதற்கு முன்பு, அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.