பூஜை அறையை அணைத்தால் அப்பா எழுந்துவிடுவார்

பெரம்பூரில் எங்களுடையது அப்பா கட்டிய பழைய வீடு. டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்ட மூன்று நாள் போதும் என்றார் எலக்ட்ரீஷியன். பதினோராவது நாள் மதியம், "எல்லாம் முடிந்தது சார், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்து நின்றார். பாக்கி 2,000 ரூபாய் என் சட்டைப்பையில் இருந்தது. அந்தத் தெம்பில், ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சமையலறையில் இரண்டு விளக்குகள். ஒன்று 3,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), மஞ்சள். இன்னொன்று 6,500, பளீர் வெள்ளை. கடையில் பெட்டியைப் படிக்காமல் வாங்கி வந்தவன் நான் என்பதால் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அம்மா விடவில்லை. அடுப்பருகே சாம்பாராக இருப்பது மேடையின் அந்தக் கோடிக்குப் போனால் ரசமாகிவிடுகிறதாம்.

படுக்கையறையில் சுவிட்சை அணைத்தேன். விளக்கு முழுதாக அணையாமல், மின்மினி போல மினுங்கிக்கொண்டே இருந்தது. "அணைத்தாலும் எரிகிறதே! இரவு விளக்குச் செலவு மிச்சம். அப்படியே இருக்கட்டும் தம்பி" என்று அம்மா பூரித்துப்போனார். எலக்ட்ரீஷியனின் முகம்தான் மாறியது. சுவிட்ச், மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் ஒயரில் வருவதற்குப் பதில், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் வந்திருக்கிறது. அப்படி இருந்தால் அணைத்த பிறகும் பேஸ் விளக்குவரை வந்து நிற்கும். கசியும் சொற்ப மின்சாரமே எல்.இ.டி. மினுங்கப் போதும். குண்டு பல்பாக இருந்தால் இந்தக் குட்டு வெளிப்பட்டே இருக்காது. அணைத்துவிட்டோம் என்று நம்பி விளக்கை மாற்றப் போகிறவருக்குத்தான் தெரியவந்திருக்கும்! ஒயரை மாற்றிக் கொடுத்தார். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

அடுத்து ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் மொத்த வீடும் அணைய வேண்டும். அணைந்தது. முதல் தடவையிலேயே தேறியது அது ஒன்றுதான்.

பிறகு எம்.சி.பி. பெட்டி, வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மின்சாரத்தைத் தனித்தனியே துண்டிக்கும் சுவிட்சுகள் இருப்பது. ஒவ்வொன்றின் கீழும் ஹால், பூஜை, குளியலறை என்று மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். எழுத்து மணிமணியாக இருந்தது. 'பூஜை'யை இறக்கினேன். ஹாலில் உண்ட மயக்கத்தில் இருந்த அப்பா, "யாரடா மின்விசிறியை நிறுத்தியது?" என்று எழுந்தார். மே மாத மதியம் வேறு. 'ஹால்' என்பதை இறக்கியபோது அம்மாவின் மிக்ஸி நின்றது. அதன் பிறகு டெஸ்டருக்கு வேலையே இல்லை. எந்த அறையிலிருந்து திட்டு வருகிறதோ அந்த அறையின் பெயரை எழுதிக்கொண்டே போனோம். பாதியில் மார்க்கர் தீர்ந்துபோனது. மீதியை நாளை எழுதித் தருவதாகச் சொல்லிப் பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். நானும் கொடுத்துவிட்டேன், அதிகாரி தோரணை எப்போது கரைந்தது என்று தெரியவில்லை.

ஆறு மணிக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தால் எலக்ட்ரீஷியன் வாசலில் நிற்கிறார். டெஸ்டரை மறந்துவிட்டாராம். கால் மணி நேரமாக அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறாராம்.

உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தோம். 'குளியலறை' இறங்கியிருந்தது.

"கீசரை அணைக்காமல் வந்துவிட்டாள் உன் அம்மா" என்றார் அப்பா, நாற்காலியை விட்டு எழாமல். "எழுதியிருப்பதைப் படித்துத்தான் அணைத்தேன், தம்பி."