டொலரில் வாங்கி ரூபாயில் விற்கும் வயல்

உலகமயமாதல் ஏழை நாடுகளின் வறுமையைக் குறைத்ததா கூட்டியதா என்று கேட்டால், இலங்கையின் வன்னியில் யூரியா உரப் பையின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.

யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. 2020இல் உலகச் சந்தையில் தொன் ஒன்று சுமார் 230 டொலர். 2022 ஏப்ரலில் அது 900ஐத் தாண்டியது. தொன்னுக்கு 50 கிலோப் பை 20. ஆகவே பதினொன்றரை டொலர்ப் பை 45 டொலருக்கு மேல் போனது. அதே காலத்தில் ரூபாயும் விழுந்தது. 2020இல் 185 அளவில் இருந்த டொலர், 2022 மார்ச்சில் நாணயத்தை மிதக்கவிட்ட, அதாவது அதன் விலையைச் சந்தையிடம் விட்ட பிறகு 300ஐத் தாண்டி, மே மாதத்தில் 360 ஆனது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: கப்பல் கூலியும் வியாபாரியின் பங்கும் சேராமலே, 2,100 ரூபாய்ப் பை 16,000க்கு மேல் ஆகிறது. டீசலும் இதே வழியில்தான் ஏறியது. உழவுக்கும் வெட்டுக்கும் டீசல் வேண்டும்.

இடையில், 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. டொலர் தட்டுப்பாடும் அதற்குப் பின்னால் இருந்தது. நவம்பரில் தளர்த்தினார்கள், ஆனால் மழைக்காலப் பெரும்போகமான காலபோகத்தின் விதைப்பு அதற்குள் நடந்துகொண்டிருந்தது. சேதனப் பசளையை (எரு, கூட்டெரு போன்ற இயற்கை உரத்தை) ஏன் உடனே பதிலாக வைக்க முடியவில்லை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நீர்ப்பாசன வயலில் ஏக்கருக்கு 90 கிலோ யூரியா என்றால் அதில் நைதரசன் 46 வீதம், அதாவது 41 கிலோ. ஒன்றரை வீத நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே 41 கிலோவைக் கொடுக்க இரண்டேமுக்கால் தொன் வேண்டும். அதையும் மண் மெதுவாகத்தான் விடும், மட்டம் வெடிக்கும், அதாவது பக்கக் கிளை விடும் நேரத்தில் பயிர் கேட்கும் அளவு கிடைக்காது. ஒரு போகத்தில் மாற்றக்கூடிய விடயமல்ல அது. மாடு குறைந்த ஊரில் எரு எங்கே?

யூரியா விலையேறிய காலத்தில் பலர் அளவைக் குறைத்தார்கள், முறையை மாற்றவில்லை. போடும் நைதரசனில் பாதிகூடப் பெரும்பாலும் பயிருக்குப் போவதில்லை. ஆழ நீரில் வீசினால் கரைந்து வரப்பில் நீர் வெளியேறும் வெட்டுவாய் வழியே ஓடும், ஈரமண்ணில் வெயிலுக்குக் கிடந்தால் அமோனியாவாகக் காற்றில் போகும். நீரை விரற்கடை அளவுக்கு வடித்து, நாலு தரமாகப் பிரித்துப் போட்டு, வாய்க்காலை அடைத்து இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். களை பிடுங்காத வயலில் உரம் போடுவது களைக்குப் போடுவதுதான்.

விற்கும் பக்கத்தில் டொலர் இல்லை. 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லுக்கு அரசு அறிவித்த விலை கிலோ 120 ரூபாய், ஈரம் 14 வீதத்துக்குள் இருந்தால். வெட்டு மெசினிலிருந்து கொட்டும் நெல்லோ 20 வீதத்துக்கு மேல். கடன்காரன் வாசலில் நிற்பதால் பலர் வயலிலேயே ஈரநெல்லை விற்கிறார்கள். 22 வீத ஈரமுள்ள 100 கிலோ, 14க்குக் காய்ந்தால் 91 கிலோ. ஈரத்துக்கு என்று நூற்றுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் கழித்தால் அந்த மிச்சம் உங்கள் நட்டம். அரிசி தட்டுப்பட்டால் அரசு இறக்குமதியைத் திறக்கும், விலை இறங்கும். உர விலை அப்படி இறங்குமா?

கடனும் வெளியிலிருந்து வந்ததுதான். போருக்குப் பின் பெருகிய நுண்கடன் கொம்பனிகளில் பலவற்றின் மூலதனத்தில் வெளிநாட்டுப் பணமும் இருந்தது. 50,000 ரூபாய்க்கு 24 வீத ‘நேர் வட்டி’ என்றால் 52 கிழமையில் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192. முதல் குறைந்துகொண்டே போகையில் வட்டி குறையாததால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். நெல் காசு தருவது நாலு மாதத்தில், தவணை கேட்பது முதல் கிழமையில். இந்த இடைவெளியை அடைக்கத்தான் அடுத்த கடன். 2018இல் மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு வைத்தது.

தையல் தொழிற்சாலை பற்றியும் சொல்லவேண்டும்: மழையை நம்பாத மாதச் சம்பளம் பல பெண்களுக்கு அதன் மூலம்தான் கிடைத்தது. இந்த ஆடைகளுக்கு ஐரோப்பா தரும் ஜிஎஸ்பி பிளஸ் இறக்குமதி வரிச் சலுகை 2010இல் போய் 2017இல் திரும்பியது, அந்தத் தீர்மானம் பிரசல்ஸில். வெட்டு மெசின் வந்ததால் அரிவாள் கூலி இழந்த பெண்களுக்கு அது முழு ஈடல்ல.

இந்தப் போகத்துக்கு கையிலிருப்பது காயவைப்பதுதான். ஏ9 நெடுஞ்சாலை ஓரத்துத் தாரில் காயவைக்க வேண்டாம், சூட்டில் நெல் வெடித்து ஆலையில் குருணையாகும். படங்கில் (தரையில் விரிக்கும் தடித்த துணியில்) இரண்டங்குலத் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கு ஒருக்கால் கிளறி, உச்சி வெயிலில் குவித்து மூடுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’ என்று உடையவேண்டும்.