ரசம் போன கண்ணாடி

2025 ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள், தெருவில் பாதிக் கடை பூட்டு. நாங்கள் திறந்திருந்தோம், ஏனென்றால் திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய கல்யாணப் படங்கள் பதினொன்று பிரேம் போடாமல் கிடந்தன. மத்தியானம் கடைப் பொடியன் ஐந்துக்கு மூன்றடிக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்க்கும்போது கை நழுவ விட்டுவிட்டான். உடைந்த சத்தத்தை விட என் சத்தம் பெரிது. அவனுக்கு வயது பத்தொன்பது, தகப்பன் இல்லாத பிள்ளை, நான் அதையும் இழுத்துப் பேசினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது பொய்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தும்புத்தடி எடுத்துக் கூட்டினான், கையைக் கழுவினான், சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆராதனையில் உட்கார்ந்திருந்தேனே தவிர மனம் கடையில்தான். வீட்டுக்கு வந்து மத்தேயு 5:48ஐ எடுத்துப் பார்த்தேன், "பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்". சின்ன வயதில் இந்தக் "கடவீர்கள்" எனக்குப் பொலிஸ்காரன் குரலில்தான் கேட்கும். பரலோகத்திலிருக்கிற பிதா மாதிரி நீயும் இரு என்றால் எப்படி? ஏழாம் வகுப்பில் கணக்குக்கே நாற்பது புள்ளி தாண்டாதவன் நான்.

பிறகு ஒரு போதகர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது டெலியோஸ் என்ற சொல், குற்றமே இல்லாதது என்பதை விட முழுமைக்கு வந்தது, முதிர்ந்தது என்ற பொருள்தான் அதில் முன்னுக்கு நிற்கும் என்று. பூரண என்று போட்டவர்கள் நல்ல சொல்லைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஆதியாகமத்தில், கடவுள் மனிதனைப் படைத்ததைச் சொல்லும் இடத்தில் இருப்பது "சாயல்". இது நம் வீடுகளில் தினம் புழங்குகிற சொல். என் மகள் அப்படியே என் அம்மாவின் சாயல், அதற்காக அவள் ஒரு நாளும் பாடுபட்டதில்லை, பரீட்சை எழுதி வாங்கவும் இல்லை. இன்னொன்று, அவள் கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும்போதுதான் அம்மாவை அச்சில் வார்த்த மாதிரி இருப்பாள். குழப்படி செய்தால் சாயல் கழன்று போய்விடும் என்று எந்தப் பாட்டியும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜூன் 9, திங்கள்

பொடியன் வரவில்லை. பதினொரு படத்தையும் நானே அடித்து முடித்தேன். இடது பெருவிரலில் சுத்தியல்.

இரவு டொரொன்டோவிலிருந்து பெரியம்மாவின் மகள் பேசினாள். அக்கா அங்கே போன பிறகு, மேரி பேக்கர் எடி 1879இல் பொஸ்டனில் தொடங்கிய சபைக்குப் போகிறாள். மனிதன் கடவுளின் பிரதிபிம்பம், ஆகவே இப்போதே பூரணமானவன், நோயும் குறையும் உண்மையில் இல்லாதவை, நாம்தான் அவற்றை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்கள் போதனை. முதல் பாதி எனக்குத் தேன் மாதிரி இறங்கும். இரண்டாம் பாதியில் அக்காவோடு எப்போதும் சண்டைதான். அம்மாவின் சீனி வருத்தத்துக்கு நான் ஒரு வேளை மாத்திரையும் நிறுத்தமாட்டேன், அதை அவளிடம் நேரே சொல்லியும் இருக்கிறேன். சனிக்கிழமை என் வாயிலிருந்து வந்ததையும் இல்லாத ஒன்று என்று தள்ளிவிட முடியாது, அது அந்தப் பிள்ளையின் காதுக்குள் இருக்கிறது.

ஆனால் கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "நீ உன்னைப் பூரணமாகப் பார்க்கிறது இருக்கட்டும், அவனை அப்பிடிப் பார்த்தியா?"

போனை வைத்த பிறகும் அதுதான் காதில். இரண்டு நாளாக வேதத்தைப் புரட்டியது எதற்கு? நான் அவ்வளவு மோசமானவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான். சாயல் என்றால் அவனுக்கும் அதே சாயல், எனக்கு முழு அளவு, சம்பளத்துக்கு நிற்கிறவனுக்கு அரை அளவு என்று வெட்டிக் கொடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌத்தர்களின் பூரணை விடுமுறை, கடை பூட்டு. பின்னேரம் திருகோணமலை டச் பே கரையில் போய் உட்கார்ந்தேன். இது கச்சான் காலம், காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால் கடல் தட்டையாகக் கிடந்தது. நிலா எழும்பியபோது தண்ணீரில் ஒரு பாதை விழுந்தது. பூரணை என்கிறோம், பூரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிலாவின் பாறை கிட்டத்தட்டத் தார் ரோட்டு நிறம், தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அந்தப் 12ஐ வைத்துக்கொண்டுதான் இவ்வளவு. வெள்ளையாக இருக்கவேண்டும் என்று கூட இல்லை, சூரியன் பக்கம் முகம் இருந்தால் போதும் போல.

கச்சான் கடலை இரண்டு பக்கெட் தின்றேன், தனியாக.

ஜூன் 12, வியாழன்

ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் ஆட்டோவில் ஒரு பழைய நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். காலமான மனைவியினுடையது. ரசம் போய் ஓரமெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது. எங்கள் ஊர்க் கண்ணாடிக்கு வருகிற வியாதி இது, உப்புக் காற்று ஓரத்தால் நுழைந்து பின்பூச்சைத் தின்னும், முன்னால் நின்று எவ்வளவு துடைத்தாலும் போகாது. (லீபிக் 1835இல் கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார், அதற்கு முன் தகரமும் பாதரசமும். பாதரசம் போய் எவ்வளவோ காலம், நாம் இன்னும் ரசம் என்றுதான் சொல்கிறோம்.)

புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி. அவ முகம் பார்த்தது இதிலதான். பிரேமை மட்டும் மாத்துங்கோ."

தேத்தண்ணீர் வந்தது, பேச்சும் வளர்ந்தது. ஒவ்வொரு வெள்ளியும் கோட்டைக்குள்ளால், மான்களைத் தாண்டிக் கோணேசரிடம் ஏறுகிற மனிதர், சைவ சித்தாந்தம் படித்தவர். சாயல் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நாங்கள் அப்பிடிச் சொல்லமாட்டம். செம்பிலே களிம்பு மாதிரி உயிரிலே ஆணவம் எண்ட அழுக்கு. இடையிலே வந்து ஒட்டினதில்லை, செம்பு எண்டைக்கோ அண்டைக்கே அதுவும். ஆனால் களிம்பு செம்பாகாது. இன்னொண்டு, செம்பு தன்னைத் தானே துலக்காது. அதுக்கு ஒரு கை வேணும்."

எங்கள் பக்கத்தில் அழுக்கு பிறகு வந்தது, ஏதேனில். சனிக்கிழமை எனக்குள்ளிருந்து வந்ததை நினைத்தால், மாஸ்டர் சொல்வதுதான் கூடுதல் நேர்மை என்று படுகிறது, போதகர் இதை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன். மாஸ்டர் போன பிறகு இன்னொன்று தட்டியது. கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம் என்று பவுல் எழுதியது கொரிந்தியருக்கு, அது வெண்கல வேலைக்குப் பேர்போன ஊர், அந்தக் காலக் கண்ணாடி என்பது துலக்கி வைத்த உலோகத் தகடு. அப்படியென்றால் பவுலும் மாஸ்டரும் ஒரே சாமானைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

உப்புவெளிப் பக்கம் பொடியன் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை நடந்ததை அவன் தாயிடம் சொல்லவேயில்லை, காய்ச்சல் என்றிருக்கிறான். அந்த அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளையைப் பார்க்க முதலாளி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்" என்று சந்தோஷப்பட்டு பிஸ்கட் வைத்தார். என்னால் விழுங்க முடியவில்லை. வேலியடியில் வைத்து, நான் சொன்னது பிழை, தகப்பனை இழுத்தது பெரிய பிழை என்றேன். அவன் சைக்கிள் மணியை நோண்டிக்கொண்டே, "கண்ணாடிக்காசை வெட்டுவீங்களோ?" என்றான்.

இல்லை என்றேன்.

ஜூன் 14, சனி

எட்டுக்கே வந்துவிட்டான். மாஸ்டரின் கண்ணாடியை இரண்டு பேருமாகக் கழற்றினோம். கறுப்பை மறைக்க அகலமான பலகை போடலாம் என்று நான் பார்க்க, அவன், மறைத்தால் அந்த அம்மா பார்த்த அளவு குறைந்துவிடுமே அண்ணை என்றான். சரி, ஒடுக்கமான தேக்குப் பலகையே போட்டோம், இனிமேல் காற்று ஏறாமல் ஓரத்துக்குச் சிலிக்கன்.

நான்கு மணிக்கு மாஸ்டர் ஆட்டோவில் ஏறி, கண்ணாடியை வெளிப்பக்கம் பார்க்க மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ திரும்பும்போது எங்கள் கடைப் பலகையும் எதிர்க் கடை வாழைக்குலைகளும் அதற்குள்ளால் ஓடின. பொடியன் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டான்.